பேய்ப் படம் எடுக்க ஆசைப்படும் மகள், பயப்படும் அம்மா

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஆவி ஒன்று வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கும் அனிமேஷன் குறும்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், நோட்டு முழுக்கப் பேயாக வரைகிறாள், மனசில் ஏதாவது இருக்குமோ என்பது ஒன்று. அனிமேஷன்தான் படிக்கப் போகிறேன் என்கிறாளே, சோறு போடுமா என்பது இன்னொன்று.

அவள் பார்ப்பது 2010-இல் வந்த ‘டிசி ஷோகேஸ்: தி ஸ்பெக்டர்’. நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பாத்திரம் 1940-லேயே காமிக்ஸில் வந்துவிட்டது. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலும் ஓவியர் பெர்னார்ட் பெய்லியும் சேர்ந்து படைத்தது. கொலையுண்ட போலீஸ் துப்பறிவாளர் ஒருவர் ஆவியாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறார். பழையனூர் நீலி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? இப்படிப்பட்ட கதை பிடிப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. தூக்கம், சாப்பாடு, தோழிகள் எல்லாம் வழக்கம்போலத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், பேய்ப் படத்துக்காக வேண்டாம். ஒன்று மட்டும்: அது சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லை. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய பக்கம். கிணற்றுச் சுவரைப் பிடித்து ஏறும் ஒரு கை. அதையே ஐந்து தடவை வரைந்து, ஓரத்தில் பென்சிலால் “விரல் முதலில், அப்புறம் மணிக்கட்டு, தோள் கடைசி” என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் பேயைப் பார்த்துப் பயந்தீர்கள். எனக்கு அந்தக் குறிப்புதான் கண்ணில் பட்டது. எந்த உறுப்பு முதலில் அசையும், எது பின்னால் இழுபடும் என்று யோசிப்பதுதான் அனிமேஷன்காரரின் அன்றாட வேலை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் அங்கே வந்து நிற்கிறாள். ஐந்தில் மூன்றாவது கை நன்றாகவே இருக்கிறது, அவளிடம் சொல்லுங்கள்.

அந்தப் படத்தில் எது பிடித்தது என்றும் ஒருநாள் கேட்டுப்பாருங்கள். “செமையா பழிவாங்குறார்” என்பதோடு பேச்சு நின்றால் அவள் வெறும் ரசிகை. அதிலும் தப்பில்லை, ஆனால் அதற்காகக் கல்லூரி தேட வேண்டாம். சினிமாவுக்குப் பொம்மை அரக்கர்களைச் செய்யும் குற்றவாளியை அவன் பட்டறை அரக்கர்களையே எழுப்பித் தண்டிக்கிறார்களே, அதைச் சொன்னாலோ, புதுப் படத்தின் மேல் ஏன் வேண்டுமென்றே கீறலும் புள்ளியும் போட்டு 1970-களின் பழைய பிரின்ட் மாதிரி காட்டினார்கள் என்று கேட்டாலோ, அவள் படம் எடுப்பவர்களின் பக்கம் வந்துவிட்டாள்.

சரி, சோறு. கதை, ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து வைப்பது), குரல்பதிவு அமெரிக்காவில், படம் படமாக வரையும் வேலை பெரும்பாலும் தென் கொரியாவில் என்பதுதான் அமெரிக்க டிவி அனிமேஷனின் நெடுநாள் ஏற்பாடு. இந்தியாவுக்கும் அப்படி நிறைய வேலை வருகிறது. ஆக, இங்கே முதல் சில ஆண்டுகள் இன்னொருவர் கதைக்குத்தான் கை உழைக்கும். ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் 24 நிலைக்காட்சி என்றால், அந்தக் குறும்படம் போன்ற பன்னிரண்டு நிமிடத்துக்கு 17,280 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 8,640 படம். கெடு நெருங்கினால் இரவு பகல் பார்க்க மாட்டார்கள், தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. வேலை நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது: 2025 பிப்ரவரியில், சினிமாவுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸும் அனிமேஷனும் செய்துகொடுத்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, அதன் பெங்களூரு ஸ்டுடியோக்களில் இருந்தவர்கள் ஒரேயடியாக வேலை இழந்தார்கள்.

ஆனால் மேலே போக வழி இல்லாமல் இல்லை. அந்தக் குறும்படத்தின் இயக்குநர் வாக்கிம் டோஸ் சான்டோஸ், டிவி தொடர்களில் ஸ்டோரிபோர்டு போட்டு, எபிசோடுகள் இயக்கி வளர்ந்தவர். 2023-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தின் மூன்று இயக்குநர்களில் அவரும் ஒருவர். மகளை ஸ்டோரிபோர்டு பக்கம் தள்ளுங்கள் என்பது என் கட்சி. மென்பொருளில் பட்டன் தட்டுவதை மட்டும் கற்றவர்களுடைய வேலையைத்தான் ஏஐ முதலில் தின்னும்.

படிப்புக்கு வருகிறேன். அகமதாபாத் என்ஐடியில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பி.டெஸ், அதாவது வடிவமைப்புப் பட்டப்படிப்பில் அனிமேஷன் இருக்கிறது. நுழைவுத்தேர்வு இரண்டு கட்டம், பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் எழுதலாம். ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு ஐஐடிகளின் பி.டெஸ்ஸுக்கானது. அதில் கையால் வரையும் பகுதியும் உண்டு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டுமே எழுத முடியும். நம் ஊரிலேயே, தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. கட்டணம் குறைவு என்பதால் நான் முதலில் சொல்வது இதைத்தான். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளையும் ஒதுக்காதீர்கள். வரையும் கை அங்கே உறுதிப்படும். அவள் பிளஸ் ஒன்னில் எடுத்திருக்கும் பயோ-மேத்ஸை இப்போது விட வேண்டாம். இந்தத் தேர்வுகளுக்கு அது தடை இல்லை, மனம் மாறினால் வேறு கதவுகளும் திறந்திருக்கும்.

இப்போதைக்கு டேப்லெட் வாங்காதீர்கள். பேப்பர், பென்சில், உங்கள் போன் போதும். கம்ப்யூட்டர் இருந்தால், வரையவும் அனிமேஷன் செய்யவும் உதவும் கிரிட்டா, பிளெண்டர் என்ற மென்பொருள்கள் இலவசம். அரையாண்டு விடுமுறையில் இருபது விநாடிப் படம் ஒன்றை முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கிணற்றுக் கையே ஆகட்டும். முகம் தெரியக் கூடாது, ரத்தம் கூடாது, ஆனாலும் பார்ப்பவருக்குத் தண்டனை வருகிறது என்று புரிய வேண்டும். கசக்கிய தாளைக்கூட எறியாமல் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள், போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கும் இடத்தில் கைகொடுக்கும்.

தனியார் மையங்களிலிருந்து போன் வரும், “நூறு சதவீத வேலை” என்பார்கள். பணம் கட்டும் முன் அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடம் நேரில் பேசுங்கள். தருவது பட்டமா, வெறும் சான்றிதழா, பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.