‘கே ஓரா’வுக்கு முன்னால் ஓர் ‘ஆ’ வேண்டும்

பள்ளி இடைவேளை எத்தனை மணிக்கு என்று இத்தாலிய மொழியில் கேட்க நீங்கள் எழுதிய வாக்கியத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது. “ஆ கே ஓரா ஏ லா ரிக்ரெயாட்சியோனே?” என்பதே நீங்கள் கேட்க வேண்டிய வாக்கியம்; ‘ரிக்ரெயாட்சியோனே’ என்றால் இடைவேளை. நீங்கள் எழுதிய “கே ஓரா ஏ லா ரிக்ரெயாட்சியோனே?” என்பதில் முதலில் வரும் ‘ஆ’ விடுபட்டிருக்கிறது.

“கே ஓரா ஏ?” என்று இப்போதைய நேரத்தைக் கேட்கப் பழகியதால் இந்தப் பிழை வந்திருக்கலாம். தமிழில் “மணி என்ன?” என்பதற்கும் “எத்தனை மணிக்கு?” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ‘க்கு’ என்னும் உருபு காட்டுவதைப் போல, இத்தாலிய மொழியில் அந்த வேலையை ‘ஆ’ செய்கிறது, நமக்கு உருபு சொல்லின் பின்னால் ஒட்டும், அவர்களுக்கு முன்னால் நிற்கும் என்பதால்தான் அது எளிதில் மறந்துபோகிறது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. எதிர்பார்க்கும் விடையை முதலில் சொல்லிப் பாருங்கள். “அல்லே தியேச்சி ஏ மெத்ஸா”, அதாவது பத்தரை மணிக்கு, என்று விடை ‘அல்லே’யில் (‘ஆ’வும் ‘லே’யும் சேர்ந்தது) தொடங்கினால் கேள்வியிலும் ‘ஆ’ வர வேண்டும். ஒரு மணிக்கு மட்டும் “அல்லூனா” என்பார்கள். எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்க “க்வாந்தோ தூரா?” போதும், அதற்கு ‘ஆ’ வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: ‘ரிக்ரெயாட்சியோனே’ தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வாயில் இயல்பாக வரும் சொல். உங்கள் மகள் மேல்நிலைப் பள்ளியில் படிப்பதாக எழுதியிருப்பதால், அங்கே இடைவேளைக்கான இன்னொரு சொல்லான ‘இந்தெர்வால்லோ’வை வைத்து “ஆ கே ஓரா ஏ லிந்தெர்வால்லோ?” என்று கேட்பது பொருத்தமாக இருக்கும்.