ஒட்டுச்சித்திரத்தில் பால்புதுமையர் வாழ்க்கை எப்படி வரும்?

கிருஷ்ணகிரியில் ஓவியம் பழகும் நீங்கள், பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டினால் பால்புதுமையர் (ஒருபால் ஈர்ப்புள்ளோர், திருநர் போன்றோர்) வாழ்க்கை அதில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரும்.

பூபேன் கக்கர் (1934–2003) பரோடாவில் கணக்காளர் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். 1960-களில் சாமிப் படங்களை வெட்டி ஒட்டினார். 1980-களில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலை வெளிப்படையாக வரைந்தார். உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவு குற்றமல்ல என்றது 2018-ல்தான்.

ஒட்டுகிற தாள் ஏற்கெனவே ஒரு வீட்டில் புழங்கியது, அதுதான் பலம். திண்ணையில் மாம்பழம் நறுக்கும் இரண்டு ஆண்களை வரையுங்கள். பக்கத்தில் மாம்பழக்கூழ் டப்பாவின் லேபிள், ஓசூர் பஸ் டிக்கெட், ஒரு மளிகைச் சீட்டு. அந்தச் சீட்டில் இருவர் கையெழுத்தும் மாறி மாறி இருந்தால், சேர்ந்து குடித்தனம் நடத்துவது தெரிந்துவிடும். கட்டிப்பிடிக்கும் காட்சியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம், மைதாப் பசை வேண்டாம், பூச்சி அரிக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகால் போதும்.