கேள்வி – பதில்

கேள்வி: சீனச் சிந்தனை என்றாலே அரசனுக்கு அடங்கி நடக்கச் சொல்லும் உபதேசம்தானா? மன்னனை வெளிப்படையாகக் கண்டித்து எழுதியவர் அங்கே எவரும் இல்லையா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: கொடுங்கோல் மன்னர்களைக் கண்டித்த பண்டைய சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸைப் பலரும் அறிவார்கள். நான் சொல்ல விரும்புவது, அவருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிந்திய ஹுவாங் சோங்ஷியை (1610–1695). செஜியாங் மாகாணத்து யூயாவ் ஊரைச் சேர்ந்தவர். அப்போது சீனாவை ஆண்ட மிங் மரபின் அரசவையை ஆட்டிவைத்த அண்ணகர் (விதை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்) வெய் சோங்ஷியானின் பகைக்கு ஆளான அவருடைய தந்தை, 1626இல் சிறையில் மாண்டார். வெய் வீழ்ந்தபின் 1628இல் பெய்ஜிங் சென்ற மகன், விசாரணை நடக்கும்போதே, தந்தையின் சாவுக்குக் காரணமான அதிகாரிகளில் ஒருவரைக் குத்தூசியால் குத்தினார். இன்னொருவரின் தாடியைப் பிய்த்தெடுத்தார்.

1644இல் மிங் ஆட்சி கவிழ்ந்ததும் வடகிழக்கிலிருந்து வந்து சீனாவைக் கைப்பற்றிய மஞ்சுக்களை எதிர்த்துப் போராடித் தோற்றவர், 'விடியலுக்குக் காத்திருத்தல்' என்று பொருள்படும் சிறு நூலை 1663 வாக்கில் எழுதி முடித்தார். முற்காலத்தில் மக்களே வீட்டுக்காரர்கள், அரசன் விருந்தாளி. இன்றோ நாட்டையே தன் குடும்பச் சொத்தாக எண்ணிப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் அரசன்தான் உலகுக்குப் பெருந்தீங்கு என்று அதில் வாதிட்டார். ஒரு குடும்பத்தின் சொத்தைக் காக்க இயற்றியவை சட்டமே அல்ல என்றும் சொன்னார். இவற்றைவிட என்னைக் கவர்வது கல்விக்கூடம் பற்றிய பகுதி. மாதத்தின் முதல் நாள் பேரரசர் அமைச்சர்களுடன் தலைநகரக் கல்விக்கழகத்துக்கு வர வேண்டும். அரசருக்கே உரிய தெற்கு நோக்கிய இருக்கையில் கழகத் தலைவர் அமர்ந்து பாடம் நடத்த, பேரரசர் மாணவர் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆட்சியில் குறை இருந்தால் தலைவர் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்.

மஞ்சு மரபைச் சேர்ந்த காங்ஷி பேரரசரின் அரசவை, மிங் வரலாற்றை எழுத அழைத்தபோது அவர் போக மறுத்துவிட்டார். ஆயினும் மாணவர் வான் சிடோங் அப்பணிக்குப் போவதைத் தடுக்கவில்லை. தம் மக்களின் வரலாறு கோணலாக எழுதப்படுவதை அவரால் பொறுத்திருக்க முடியாதென்றே நினைக்கிறேன்.

கேள்வி: அவரைச் 'சீனாவின் ரூசோ' என்கிறார்களே, சரியா?
– அதே வாசகர்

பதில்: ஆளும் உரிமை மக்களுடையதே என்ற பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோ பிறந்ததே 1712இல்தான்! தவிரவும், ஹுவாங் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. மன்னராட்சியை ஒழிக்கவும் சொல்லவில்லை. மன்னனைத் தட்டிக்கேட்கும் உரிமையைக் கற்றோர் கையில் கொடுத்தார், உழவர் கையில் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியாங் சிச்சாவ், டான் சிடோங் ஆகிய சீர்திருத்தவாதிகள் அந்நூலின் பகுதிகளை இரகசியமாக அச்சிட்டுப் பரப்பினார்கள். ஜனநாயகத்தை அதில் கண்டவர்கள் அவர்கள்தாம்.