டி.எல்.பி.யா, எல்.சி.டி.யா, எல்காஸா? வீட்டுத் திரையரங்கு கேள்வி பதில்

வீடுகளில் புரொஜெக்டர் பொருத்தித் தருவது என் தொழில். தலைப்பில் உள்ள மூன்றும் புரொஜெக்டர் வகைகள். வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த மாடல் வாங்கலாம்?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறையைப் பற்றிச் சொல்லாமல் அதைக் கேட்காதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: மாடியில் ஜன்னலே இல்லாத 12க்கு 18 அடி அறை கட்டுகிறோம். ஒரு கடையில் டி.எல்.பி.தான் உயர்ந்தது என்கிறார்கள், இன்னொரு கடையில் எல்.சி.டி. என்கிறார்கள். எல்காஸ் என்று ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். எதை நம்புவது, சார்?

இரண்டு கடைக்காரர்களும் தங்களிடம் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்த ஜன்னல் இல்லாத அறை. முடிவை அங்கிருந்து தொடங்குங்கள்.

டி.எல்.பி. சிப் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிகள். டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கியது. ஒவ்வொரு கண்ணாடியும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே வீணாகும். எவ்வளவு நேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சாம்பல் நிறத்தின் அடர்த்தி. வீட்டுக்கு வரும் மாடல்களில் பெரும்பாலும் ஒரே ஒரு சிப் என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்ட முடியும். ஒற்றை சிப் என்பதால் படம் மிகக் கூர்மையாக இருக்கும், பெட்டியும் சிறியது. குறை, கறுப்பு. வீணாக வேண்டிய ஒளியில் கொஞ்சம் சிதறி லென்ஸுக்குள் வந்துவிடும்.

எல்.சி.டி. வகையில் வெள்ளை ஒளியை மூன்று நிறங்களாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு திரவப் படிகப் பேனல் வழியே ஊடுருவவிட்டு, பிறகு ஒரு பட்டகத்தில் மறுபடி சேர்க்கிறார்கள். எப்சன் நிறுவனம்தான் இதில் முன்னோடி. மூன்று நிறமும் ஒரே நேரத்தில் வருவதால் வெள்ளை எவ்வளவு பிரகாசமோ நிறங்களும் அவ்வளவு பிரகாசம். விளக்கு எரியும் ஹாலில் படம் பார்ப்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

எல்காஸ் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. சிலிக்கான் மேல் கண்ணாடிப் பரப்பு, அதன் மேல் திரவப் படிகம். ஒளி ஊடுருவாமல் பட்டுத் திரும்புகிறது. மின்சுற்றுகள் கண்ணாடிக்கு அடியில் ஒளிந்துகொள்வதால் புள்ளிகளுக்கு இடையே கோடு தெரியாது. ஜேவிசி இதை டி-ஐஎல்ஏ என்றும் சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் விற்கின்றன. கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவதில், குறிப்பாக ஜேவிசிக்கு இன்றும் போட்டி இல்லை.

உங்களுடையது முழு இருட்டு அறை. பணம் இருந்தால் எல்காஸ். இல்லையென்றால் விளக்குக்குப் பதில் லேசர் ஒளியில் ஓடும் நல்ல எல்.சி.டி. டி.எல்.பி.யை மூன்றாவதாக வைப்பேன். இதே கேள்வியை ஒரு கணினி விளையாட்டுப் பிரியர் கேட்டிருந்தால் வரிசையைத் தலைகீழாக்கியிருப்பேன்.

திருச்சியிலிருந்து: என் மனைவிக்குத் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் கீற்றுகள் தெரிகின்றன, தலைவலி வருகிறது என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெஷினில் கோளாறா?

கோளாறு இல்லை, உங்கள் மனைவி சொல்வதும் உண்மை. உங்களுடையது ஒற்றை சிப் டி.எல்.பி.யாகத்தான் இருக்க வேண்டும். மேலே சொன்னபடி நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கண் அசையாதவரை மூளை அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். கண் சட்டென்று நகர்ந்தால் மூன்று நிறங்களும் விழித்திரையில் வெவ்வேறு இடங்களில் விழும். அதுதான் அந்தக் கீற்று. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும்போது மிக எளிதாகத் தெரியும்.

நீங்களே பார்க்க வேண்டுமானால் வெள்ளைத் திரைக்கு முன்னால் விரல்களை விரித்துக் கையை வேகமாக ஆட்டுங்கள். விரல் ஓரங்களில் நிறம் பிரியும். சிலருக்குக் கண் இதற்குக் கூர்மை, சிலருக்கு இல்லை. பழகிவிடும் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டச் சுழலும் நிறச் சக்கரம் இல்லாத மூவண்ண லேசர் டி.எல்.பி.யிலும் சிப் ஒன்றுதான் என்றால் இது வரலாம். வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் அதைக் கைமாற்றிவிட்டு மூன்று பேனல் உள்ள எதற்காவது மாறுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு '12,000 லூமென்ஸ், 4கே' என்று ஒரு புரொஜெக்டர் வருகிறது. வாங்கலாமா அண்ணா?

தம்பி, அந்த 12,000 அட்டைப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. லூமென்ஸ் என்பது ஒளியின் அளவு; ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற தர அமைப்புகளின் முறைப்படி அளந்த லூமென்ஸ் என்று எழுதாத எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. '4கே' என்ற இடத்தில் 'சப்போர்ட்' என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கும். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருக்கும் குறைந்த புள்ளிகளில் காட்டும் என்று பொருள். 'நேட்டிவ்', அதாவது உள்ளே உண்மையில் இருக்கும் புள்ளிகள், எத்தனை என்று தேடிப் பார். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒற்றை எல்.சி.டி. பேனலும் ஒரு எல்இடியும். விடுதி அறையில் இரவில் நண்பர்களோடு பார்க்க அது போதும் என்றால் வாங்கு. திரையரங்கு என்று நினைத்து வாங்காதே.

100 அங்குலத் திரைக்கு எத்தனை லூமென்ஸ் வேண்டும்? 120 அங்குலத்துக்கு?

இருட்டு அறை, சாதாரண வெள்ளைத் திரை என்றால் சதுர அடிக்கு 16 லூமென்ஸ் என்று கணக்கு வையுங்கள். சினிமா அரங்குகள் பின்பற்றும் அளவும் ஏறத்தாழ இதுதான். 16:9 வடிவில் 100 அங்குலத் திரை சுமார் 30 சதுர அடி, ஆகவே 480 லூமென்ஸ். 120 அங்குலம் சுமார் 43 சதுர அடி, கிட்டத்தட்ட 690.

இவ்வளவு குறைவா என்று தோன்றும். ஆனால் இது திரையில் வந்து விழ வேண்டிய ஒளி. பெட்டியில் எழுதியிருப்பது பச்சை பூத்த மிகப் பிரகாசமான நிலையில் அளந்தது. நிறம் சரியாக வரும் சினிமா நிலைக்கு வந்தாலே கணிசமாகக் குறையும். லேசர் இல்லாமல் விளக்கில் ஓடும் லாம்ப் வகையில் ஆயுள் முடிவதற்குள் பாதியாகிவிடும். ஒளிக்கும் இருளுக்கும் வித்தியாசம் அதிகம் காட்டும் எச்டிஆர் படங்களுக்கு இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. இவற்றையெல்லாம் கூட்டினால் 100 அங்குலத்துக்கு 2,000 லூமென்ஸ் என்பது நியாயமான எண். டி.எல்.பி. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில மாடல்களின் நிறச் சக்கரத்தில் வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும். அது வெள்ளையின் பிரகாசத்தை மட்டும் ஏற்றும். சிவப்புப் புடவை மங்கலாகவே இருக்கும்.

கான்ட்ராஸ்ட் 20 லட்சத்துக்கு 1 என்று போட்டிருந்ததை வாங்கினேன். இரவுக் காட்சிகள் எல்லாம் சாம்பலாகத் தெரிகின்றன.

கான்ட்ராஸ்ட் என்பது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்ற கணக்கு. அந்த எண் 'டைனமிக்'. கறுப்புக் காட்சியில் லேசரை அணைத்தோ மங்க வைத்தோ ஒரு அளவு, முழு வெள்ளையில் இன்னொரு அளவு எடுத்து வகுத்துக்கொண்டது. இரவு வானத்தில் ஒரு நிலா வந்துவிட்டால் அந்தத் தந்திரம் செல்லாது, ஏனென்றால் நிலாவுக்கு ஒளி வேண்டும். அப்போது நேட்டிவ் கான்ட்ராஸ்ட், அதாவது ஒளியைக் கூட்டிக் குறைக்காமல் வருவது, எவ்வளவோ அவ்வளவுதான். வீட்டு டி.எல்.பி.களில் அது ஆயிரத்தைச் சுற்றி நிற்கும். ஜேவிசி தன் என்இசட்7 மாடலுக்குச் சொல்லும் எண் 40,000. என்இசட்9க்கு ஒரு லட்சம். வித்தியாசம் எந்த அளவில் என்று பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: சினிமா அரங்குகளில் ஓடும் மூன்று சிப் டி.எல்.பி.களின் கறுப்பும் இதற்குப் பக்கத்தில் வராது. பிரகாசத்திலும் அளவிலும் அரங்கு ஜெயிக்கும், இருட்டில் வீடு ஜெயிக்கும்.

ஆனால் புது மெஷினுக்கு ஓடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் திரையிலிருந்து வரும் ஒளியை வாங்கித் திரைமேலேயே திருப்பி வீசும். ஒரு லட்சம் கான்ட்ராஸ்ட் உள்ள மெஷினைக் கூட அந்த அறை சில நூறுக்கு இறக்கிவிடும். திரையை ஒட்டிய சில அடிகளுக்காவது கூரைக்கும் சுவருக்கும் பளபளப்பில்லாத அடர் நிறம் பூசுங்கள். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் கறுப்பு வெல்வெட் திரைச்சீலை. செலவு குறைவு, பலன் அதிகம். நிறைய வீடுகளில் இதைச் செய்யாமல்தான் மெஷினை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

0.47 அங்குல டி.எல்.பி. உண்மையான 4கே இல்லை என்கிறார்களே?

0.47 அங்குலம் என்பது சிப்பின் அளவு. அந்த சிப்பில் இருப்பது 1920 x 1080 கண்ணாடிகள். ஒரு ஒளியியல் கண்ணாடித் தகடு படத்தை நான்கு இடங்களுக்கு மிக வேகமாக நகர்த்தி 83 லட்சம் புள்ளிகளைக் காட்டுகிறது. 0.66 அங்குல சிப்பில் 2716 x 1528 கண்ணாடிகள், இரண்டு முறை நகர்த்தினால் போதும். எப்சன் எல்எஸ்12000 எல்.சி.டி.யில் நான்கு முறை நகர்த்துகிறது, அதன் பழைய மாடல்கள் இரண்டு முறைதான். நகர்த்தாமலே அத்தனை புள்ளிகளும் பேனலில் இருப்பது சோனி, ஜேவிசியின் எல்காஸ்களில். உட்காரும் தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல லென்ஸும் நல்ல கறுப்பும்தான் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சென்னை அடுக்குமாடி: ஹாலில் டிவி இருந்த இடத்தில் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வைத்து வெள்ளைச் சுவரிலேயே பார்க்கலாமா?

சுவரில் வேண்டாம். அந்த வகை சுவருக்கு மிக அருகிலிருந்து, கீழிருந்து மேலாக ஒளி வீசும். பூச்சிலிருக்கும் சின்ன மேடுபள்ளம் கூட நிழலாக, அலையாகத் தெரியும். அதற்கென்றே கூரை விளக்கின் ஒளியை விழுங்கும் திரைகள் இருக்கின்றன, அவற்றோடு சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். கணக்கிட்ட பிறகு 85 அங்குல டிவி விலையையும் ஒருமுறை பாருங்கள். பகலில்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் டிவியை வாங்குங்கள். தொழிலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைக்கலாம், பிறகு வந்து குறை சொல்வதைக் கேட்பதற்கு இது மேல்.

லாம்ப் மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எங்கள் ஊரில் மின்வெட்டு அதிகம்.

லாம்ப் சில ஆயிரம் மணி நேரம், லேசர் பொதுவாக 20,000 மணி நேரம் என்பார்கள். தினம் ஒரு படம் பார்ப்பவருக்கு லேசரின் ஆயுள் இருபது ஆண்டுக்கு மேல் வரும், அதற்குள் வேறு ஏதாவது பழுதாகும். வாரத்துக்கு ஒரு படம் என்றால் லாம்ப் போதும். ஆனால் மின்வெட்டு லாம்பின் எதிரி. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும். சில நிமிடம் தாங்கும் ஒரு யுபிஎஸ் கட்டாயம். லேசருக்கும் வைத்தால் நல்லது.

நாகப்பட்டினம்: பழைய எல்.சி.டி. ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முழு வெள்ளைப் படம் போட்டுப் பாருங்கள். மஞ்சள் திட்டு இருந்தால் உள்ளே போலரைசரோ (ஒளியை வடிகட்டும் தகடு) நீல பேனலோ களைத்துவிட்டது, விட்டுவிடுங்கள். பிறகு முழுக் கறுப்பு. மங்கலான வட்டப் புள்ளிகள் தெரிந்தால் பேனலில் தூசி. பல மாடல்களில் ஒளிப்பாதை மூடப்படாதது, சுத்தம் செய்யப் பிரிக்க வேண்டும். மூன்றாவதாக மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் சிவப்போ நீலமோ பிரிந்து தெரிந்தால் பேனல்கள் விலகியிருக்கின்றன. லாம்ப் மணி நேரத்தை மெனுவில் பாருங்கள், ஆனால் அதை யார் வேண்டுமானாலும் பூஜ்யமாக்கலாம்.

கிரிக்கெட்டும் வீடியோ விளையாட்டும்தான் எங்களுக்கு முக்கியம்.

டி.எல்.பி. கண்ணாடிகள் திரவப் படிகத்தைவிடப் பல மடங்கு வேகம், பந்து இழுபடாது. விளையாட்டுக்கு என்று வரும் மாடல்களில் 1080பி, 240 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 240 படங்கள்) பொத்தானை அழுத்தியது திரையில் தெரியும் தாமதம் 4 மில்லி நொடி அளவுக்கு இறங்கும். வாங்குவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் திரை முன் உட்கார வைத்து, திருச்சிக்காரருக்குச் சொன்ன விரல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கூரையில் மாட்டும்போது படம் கோணலாக வந்தால் கீஸ்டோன் போட்டுச் சரிசெய்யலாமே?

செய்யலாம், ஆனால் செய்யாதீர்கள். கீஸ்டோன் புள்ளிகளைத் தின்றுதான் படத்தை நேராக்கும், கூர்மை போகும், சில மாடல்களில் தாமதமும் ஏறும். லென்ஸ் ஷிஃப்ட் என்பது லென்ஸையே நகர்த்துவது, படத்துக்குச் சேதம் இல்லை. எல்காஸிலும் நல்ல எல்.சி.டி.யிலும் தாராளமாக இருக்கும். மலிவு டி.எல்.பி.களில் இருக்காது அல்லது பெயருக்கு இருக்கும். அப்படிப்பட்டதை வாங்கினால், கூரையில் துளை போடுவதற்கு முன் மேஜைமேல் வைத்து ஓட்டி, தூரத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தச்சர் வரும் நாளில் மெஷின் கையில் இருக்கட்டும்.