“ஆள் எந்த ஊரு?”
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறான். ரயிலில் ஒருவன் அவனைப் பார்த்து “உங்க நாட்டுக்கே ஓடிப் போ” என்று கத்தியிருக்கிறான். பிள்ளை ரொம்ப உடைந்துபோய்விட்டான். நல்லவேளை, நம்ம ஊரில் இந்த இனவெறி எல்லாம் இல்லை, இல்லையா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மகனுக்கு நடந்தது அநியாயம் அம்மா. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்காமல் அங்கே போலீசில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் நம்ம ஊரில் இல்லை என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

நுங்கம்பாக்கத்தில் பியூட்டி பார்லரில் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண் ஒருவருக்காக ஒரு வீட்டு புரோக்கரிடம் பேசினேன். வாடகை, அட்வான்ஸ், மெட்ரோ வாட்டர் வருமா என்பது வரை எல்லாம் பேசி முடித்த பிறகு “ஆள் எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “ஓனர் ஃபேமிலிக்குத்தான் கொடுப்பாராம் சார்.” கணவர், குழந்தையோடுதான் வருகிறார் என்றேன். “இல்ல சார், அவங்க சமையல் வாடை...” என்று இழுத்தார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. இனம், மதம், சாதி, பிறந்த இடம் பார்த்து அரசு யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, ஆனால் வீட்டு ஓனர் கேட்டுக்குள் அது நுழைவதே இல்லை. நம்ம ஆட்களிடமும் “நீங்க வெஜ்ஜா?” என்று கேட்டு சாதியையும் மதத்தையும் மோப்பம் பிடிக்கிறவர்கள்தானே இவர்கள்!

2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ்ஸில் பரவிய ஒரு வதந்தியை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர்கள் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் மட்டுமல்ல, நம்ம சென்னையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் துணைக்கு வருவார் என்ற நம்பிக்கை இருந்தால் யாராவது அப்படி ஓடுவார்களா?

எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸுக்குப் புடவை எடுக்கப் போயிருப்பீர்கள். அந்தக் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மையின் பெயர். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசின் இனவெறிச் சட்டங்களை எதிர்த்து ஜெயிலுக்குப் போய், வெளியே வந்த சில நாட்களிலேயே 1914இல் இறந்துபோன 16 வயதுப் பெண். அவரைக் கொண்டாடுகிற ஊரில், முகத்தைப் பார்த்து வீடு இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

கேள்வி: வடமாநிலத்து ஆட்கள் குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைப் பறிக்கிறார்கள். கோபப்பட்டால் அதுவும் இனவெறியா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கூலியை முடிவு செய்வது கான்ட்ராக்டர், கோபத்தை அவரிடம் காட்டுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் படுத்துக் கிடக்கிறவரிடம் காட்டாதீர்கள். 2023 மார்ச்சில், இங்கே பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நம் மேல் வீண் பழி என்று எல்லோரும் கொதித்தோம், நியாயமான கோபம். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டதும் அத்தனை பேர் நம்பினார்கள் என்றால், அதற்கு முன்பே பஸ்ஸிலும் டீக்கடையிலும் அவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்று யோசிக்க வேண்டாமா?

கேள்வி: பெண் கொஞ்சம் கறுப்பு என்று வருகிற வரனெல்லாம் தட்டிப்போகிறது. ஏதாவது க்ரீம் வாங்கித் தரலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: தயவுசெய்து வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும், நாள்பட்டால் தோல் மெலிந்து புண்ணாகிவிடும். இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய நம்ம சென்னைப் பையன் அபினவ் முகுந்தே தன் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதைப் பற்றி 2017இல் வெளிப்படையாக எழுத வேண்டி வந்தது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, பெண் பார்க்க வருகிறவர்கள் மாறவில்லை. அடுத்து வருகிறவர்களிடம் போனிலேயே “எங்க பொண்ணு கறுப்பு, அதில் உங்களுக்குச் சம்மதமென்றால் வாங்க” என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற வீட்டுக்கு அவளை அனுப்பாமல் இருப்பதே அவளுக்கு நல்லது.