பாலை விட்டேன், பாதம் மரத்துப்போகிறது: மூலிகை உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 47. சர்க்கரை நோய்க்கு ஐந்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பிறந்ததிலிருந்து சைவம். மாடுகள் படும் பாட்டையும் சுற்றுச்சூழலையும் நினைத்து, மூன்று வருடங்களுக்கு முன்பு பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் அருகம்புல் சாறு அல்லது சுரைக்காய் சாறு, மதியம் கட்டாயம் ஒரு கீரை, சமையலுக்கு இந்துப்பு, சத்துக்கு ஸ்பைருலினா மாத்திரை. ஆறு மாதமாக இரண்டு பாதங்களும் மரத்துப்போகின்றன. எறும்பு ஊர்வது போல இருக்கிறது. செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. நாக்கும் எரிகிறது. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது. 'பாலை விட்டதுதான் காரணம்' என்று வீட்டில் தினமும் பேச்சு. நான் மறுபடி பால் குடிக்கத்தான் வேண்டுமா? இதை இயற்கையாகவே குணப்படுத்த மூலிகை இருக்கிறதா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: பாலுக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை அம்மா. நீங்கள் எடுத்த முடிவை மதிக்கிறேன், அதோடு நலமாக வாழவும் முடியும். ஆனால் மூலிகை தேடி இன்னும் ஒரு மாதத்தைக் கடத்த வேண்டாம். நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வைட்டமின் பி12 குறைபாடு என்றே சந்தேகிக்கிறேன். அதைச் சரிசெய்யும் மூலிகை எதுவும் கிடையாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

பி12 சத்தை எந்தச் செடியும் தயாரிப்பதில்லை. மாடுகூடத் தானாகத் தயாரிப்பதில்லை. அதன் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்கள், தீவனத்தில் இருக்கும் கோபால்ட்டை வைத்து இந்தச் சத்தை உருவாக்குகின்றன. அதுதான் பாலில் வருகிறது. நம் பெருங்குடலிலும் அப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் பி12 உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத் தாண்டிய பிறகு உருவாகிற சத்து நமக்குப் பயன்படாமலே வெளியேறிவிடுகிறது.

சைவக் குடும்பங்களில் தினசரிப் பாலும் தயிரும்தான் இந்தச் சத்தைக் கொஞ்சமாவது கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை விட்ட மறுநாளே உடம்புக்கு எதுவும் ஆகிவிடாது. கல்லீரலில் வருடக்கணக்கில் வரும் அளவுக்குச் சேமிப்பு இருக்கும். குதிரில் நெல் இருக்கும்வரை வீட்டில் பஞ்சம் தெரியாததைப் போல. உங்களுக்கு அந்தச் சேமிப்பு ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருந்திருக்கலாம். அதோடு மெட்ஃபார்மினும் நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஹீமோகுளோபின் நன்றாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. இதை இன்னும் பலர் கவனிப்பதில்லை. கீரையில் ரத்தம் ஊற உதவும் ஃபோலேட் என்ற வைட்டமின் நிறைய இருக்கிறது. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது குணமானது. அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்பது பிற்பாடு தெரியவந்தது. 1940களில் பி12 குறைபாட்டு நோயாளிகளுக்கும் ஃபோலேட்டின் செயற்கை வடிவமான ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறியது, நரம்புப் பாதிப்போ நிற்காமல் முற்றியது. நரம்பின் மேலுறையைக் காக்க பி12தான் வேண்டும், ஃபோலேட் அதற்கு ஈடாகாது. ஃபோலேட் தாராளமாகக் கிடைக்கிற உடம்பில், ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும்போதே பாதம் மரத்துப்போக இடமிருக்கிறது. கீரையை விடச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஸ்பைருலினா விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே தோற்றமளிக்கும் வேறொரு பொருள். நம் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. பழைய சோறு நல்ல உணவு, ஆனால் பி12 தேவைக்கு அதை நம்ப முடியாது. செறிவூட்டப்பட்ட அரிசியும் போதாது. ஒரு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 சேர்க்க வேண்டும் என்பதுதான் விதி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கே 2 மைக்ரோகிராமுக்கு மேல் தேவை.

இனி செய்ய வேண்டியது. பி12 மாத்திரை எதையும் ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பி12 அளவோடு முழு ரத்த எண்ணிக்கை, மூன்று மாத சர்க்கரை அளவு, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாலும் பாதம் இதே மாதிரி மரத்துப்போகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பி12 அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடுதான். 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடுகிற ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் பரிசோதனை தேவைப்படலாம்.

மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி உங்கள் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார். அதிர்வு எப்போது நின்றது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே 'நின்றுவிட்டது' என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. விரல் முட்டிகளையும் காட்டுங்கள். அவை புதிதாகக் கருத்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். வெயிலில் கருத்துவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

குறைபாடு உறுதியானால், நரம்பு அறிகுறிகள் இருப்பதால் ஊசியில் தொடங்குவதுதான் நல்லது. முதலில் அடிக்கடி, அப்புறம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியை நீட்டுவார்கள். சோர்வும் நாக்கு எரிச்சலும் சில வாரங்களில் குறையும். மரத்துப்போவது அடங்க மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அவ்வளவுக்கு முழுதாகத் தேறும் வாய்ப்பு குறையும். அதனால்தான் இத்தனை அவசரப்படுத்துகிறேன். இருட்டில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், ஞாபக மறதி இருந்தால் நேராக நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

பிறகு பாலை விட்ட நிலையே தொடரலாம், ஆனால் மாத்திரையும் தொடர வேண்டும். பி12 மாத்திரைக்கான சத்தைத் தொழிற்சாலையில் பாக்டீரியாக்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். அதற்காக எந்த மாட்டையும் தொடுவதில்லை. உங்கள் கொள்கைக்கு அது முரணாகாது. கேப்சூலின் ஜெலட்டின் உறை மட்டும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. அதனால் மாத்திரையாகவே கேளுங்கள். சில மாத்திரைகளில் பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் சேர்ந்திருக்கும், மூலப்பொருட்களைப் படித்துப் பாருங்கள். மாத்திரை அட்டையில் 1000 மைக்ரோகிராம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குடல் ஏற்பது அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் கடையில் 'நரம்புச் சத்து' என்று கேட்டு வாங்கிக் கணக்கில்லாமல் சாப்பிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பி6 சேர்ந்திருக்கும். பி6 அதிக அளவில் நெடுநாள் உள்ளே போனால் அதுவே பாதத்தை மரத்துப்போக வைக்கும்.

சுரைக்காய்ச் சாறு கொஞ்சம் கசந்தாலும் துப்பிவிட்டுக் கீழே கொட்டிவிடுங்கள். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கிறது. அந்தச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் சுரைக்காயைக் கூட்டாகச் சாப்பிடுங்கள், அதிலும் கசந்த காய் வேண்டாம். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. பாலும் மீனும் இல்லாத சாப்பாட்டில் அயோடின் கலந்த உப்புதான் தைராய்டுக்குத் துணை, அதற்கு மாறிவிடுங்கள். பருப்பு, கடலை, எள், அளவோடு கேழ்வரகு எல்லாம் அப்படியே தொடரட்டும். இரும்புச்சத்து உடம்பில் சேர, கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்.

உணர்ச்சி திரும்பும்வரை வெறுங்காலோடு நடக்காதீர்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். இரவில் படுக்கும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலில் காயம், கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பார்த்து வீட்டில் இளம்பெண்கள் யாராவது பாலை விட்டிருந்தால், குறிப்பாகக் கர்ப்பிணியோ பாலூட்டுகிறவரோ இருந்தால், அவர்களுக்கு இன்றே பி12 பற்றிச் சொல்லுங்கள். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். அந்தக் குழந்தைக்குக் கை கால் நடுக்கமும் வளர்ச்சித் தடையும் வரலாம். அதைத் தாய்க்குப் பி12 மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தே தடுத்துவிடலாம்.