வாசகர் கேள்வி: கொடை செல்வந்தருக்கு மட்டும் உரியதா?

கேள்வி: அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதத்தைக் கறுப்பினத்தவரின் கொடை மாதமாகக் கொண்டாடுகிறார்களாம். அடக்கப்பட்டிருந்த மக்களிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? – வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: கொடை என்றதும் பெரும் செல்வந்தரையே நினைப்பது நம் பழக்கம். ஆனால் 1787இல் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சுதந்திர ஆபிரிக்கர் சங்கம், உறுப்பினர்களின் சிறிய மாதச் சந்தாவைக் கொண்டே நோயாளரையும் விதவைகளையும் தாங்கியது. கொட்டாஞ்சேனையில் இன்றும் மரணாதார சங்கத்துக்குச் சந்தா கட்டுபவருக்கு இதன் நடைமுறையை விளக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தவர் ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரக் கறுப்பின மக்கள், நிறத்தால் தம்மை ஒதுக்கி நடத்திய பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கியபோது, அவரும் தோழிகளும் பொரித்த கோழியும் கேக்கும் விற்றுச் சேர்த்த பணம், மக்களை ஏற்றிச் சென்ற வாகனங்களின் எரிபொருளுக்கும் உதவியது. அப்பெண்களிற் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தமையால், பெயர் வெளிப்பட்டால் வேலை போய்விடும். ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்வதற்காகவே குழுவுக்கு ‘எங்குமில்லாக் கழகம்’ என்று பெயரிட்டார்கள். (நன்கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறிக்கும் நம் மண்டபங்களுக்கு இது விளங்குமோ தெரியாது.) புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது, கில்மோர் தம் வேலையை இழந்து, வீட்டிலேயே உணவகம் நடத்தினார்.